விபத்து நேர்ந்தபின் செய்ய வேண்டியவை

(உழவர் பயிற்சி முகாமின் நிறைவு நாளில் நிகழ்த்திய உரை)



இந்த மூன்று நாட்களில் பவர் டில்லர், ரோட்டவேட்டர், கதிரடிக்கும் இயந்திரம், தீவனம் நறுக்கும் இயந்திரம் ஆகியவற்றை இயக்கவும் பராமரிக்கவும் கற்றுக்கொண்டீர்கள். விபத்து வராமல் தடுக்கும் முறைகளையும் எனக்கு முன் பேசிய நண்பர்கள் விளக்கிவிட்டார்கள். எனக்குத் தந்த தலைப்பு அதற்கு அடுத்தது. எவ்வளவு கவனமாக இருந்தும் ஒரு நாள் விபத்து நேர்ந்துவிட்டால், அந்த நிமிடத்திலும் அன்றைய பொழுதிலும் அடுத்து வரும் மாதங்களிலும் வீட்டார் செய்ய வேண்டியது என்ன என்பதுதான் அது. இது கேட்பதற்கு இனிமையான பேச்சு அல்ல. ஆனால் நல்ல நாளில் கேட்டு வைத்தால்தான் கெட்ட நாளில் நினைவுக்கு வரும்.

முதலில் நான் நேரில் அறிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். மூன்று ஏக்கர் நிலமும் இரண்டு கறவை மாடுகளும் வைத்திருந்தவர் அவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மாலை, சங்கத்தில் பால் ஊற்றிவிட்டு மொபட்டில் திரும்பும்போது, பின்னால் வந்த சிறிய சரக்கு வண்டி இடித்து இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்தன. வண்டிக்காரர் பக்கத்து ஊர்க்காரர். தெரிந்த முகம். “போலீஸ், கேஸ் என்று போனால் இருவருக்கும் அலைச்சல். வைத்தியச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். ஊர்ப் பெரியவர்களும் அதுவே சரி என்றார்கள். மருத்துவமனையில் டாக்டர், “எப்படி அடிபட்டது?” என்று கேட்டபோது, உடன் சென்ற மைத்துனர், “மொபட் வழுக்கி விழுந்துவிட்டார்” என்று சொல்லிவிட்டார். டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.

வண்டிக்காரர் முதல் வாரம் 15,000 ரூபாய் கொடுத்தார். பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. இரண்டு அறுவைச் சிகிச்சைகள். முதலில் நகை அடகுக்குப் போயிற்று. பின் ஒரு ஏக்கர் ஒத்திக்குப் போயிற்று. ஏழு மாதம் கழித்து வழக்குக்குப் போனபோது, எதிர்த்தரப்பு வக்கீல் அந்த மருத்துவமனைக் குறிப்பை எடுத்து வைத்தார். ‘தானாக விழுந்ததாகச் சொல்லப்பட்டது’ என்று அதில் இருந்தது. அதற்கு மேல் வழக்கு நகரவில்லை. பிற்பாடு அவரைப் பார்த்தபோது அவர் சொன்னார்: “ஐயா, வண்டி என் காலைத்தான் உடைத்தது. நிலத்தை எடுத்துக்கொண்டது நாங்கள் சொன்ன பொய்.”

இன்றைய பேச்சு முழுவதும் இதைச் சுற்றியே இருக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் உயிரைக் காப்பாற்ற வேண்டும். முதல் நாளிலேயே உண்மையைப் பதிவு செய்ய வேண்டும். இவ்விரண்டும் சரியாக நடந்தால் மற்றவற்றைப் பிறகு சரிசெய்து கொள்ளலாம். இவற்றில் ஒன்று தவறினாலும் பிறகு திருத்துவது மிகக் கடினம்.

முதல் நிமிடங்கள்

அடிபட்டவரிடம் ஓடுவதற்கு முன், அடித்தது இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள். டிராக்டர், டில்லர் என்றால் என்ஜினை நிறுத்துங்கள். மோட்டார் என்றால் மெயின் சுவிட்சை அணையுங்கள். கதிரடிக்கும் இயந்திரத்திலோ கரும்பு ஆலையிலோ கை சிக்கிக்கொண்டால் பதறிப்போய் இழுக்கக்கூடாது. விசையை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிய பின்னரே விடுவிக்க முயல வேண்டும். முடியாவிட்டால் தீயணைப்பு மீட்புப் பணியினரை 101 என்ற எண்ணில் அழையுங்கள்.

மின்சாரம் தாக்கியவரை வெறுங்கையால் தொடக்கூடாது. மெயினை அணைத்த பிறகே தொட வேண்டும். அறுந்து விழுந்த உயரழுத்தக் கம்பி என்றால் காய்ந்த கழியும் உதவாது. மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்தும் வரையில் யாரும் அருகில் போகலாகாது. ஒருவரைக் காப்பாற்றப் போய் அண்ணனும் தம்பியுமாக இருவர் இறந்த வீடுகள் நம் நாட்டில் உண்டு. மின்சாரம் தாக்கியவர் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இதயத்துடிப்பு பிறகு தடுமாறக்கூடும்.

அடுத்து 108-ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரிலிருந்து இந்த ஆம்புலன்சு சேவை நடைபெறுகிறது. கட்டணம் இல்லை. பேசுகிறவர் ஊராட்சியின் பெயர், வட்டம், அருகிலுள்ள பெரிய சாலை, கோயில் அல்லது பள்ளி போன்ற அடையாளம், அடிபட்டவர் எத்தனை பேர் என்பதைச் சொல்ல வேண்டும். தோட்டத்துக்குள் நடந்த விபத்தாயின், ஒருவர் விளக்குடன் சாலைத் திருப்பத்தில் நிற்க வேண்டும். வண்டி வழி தேடுவதில்தான் நேரம் வீணாகிறது.

செய்யத் தக்கனவும் தகாதனவும்

இரத்தம் பீறிட்டால், சுத்தமான துண்டை மடித்துக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். பத்து நிமிடம் கையை எடுக்காமல் அழுத்த வேண்டும். நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பார்த்தால் நிற்கப்போகும் இரத்தமும் மறுபடி பெருகும். துண்டு நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்காமல் உயிருக்கு ஆபத்தாகப் பெருகினால் மட்டும், காயத்துக்கு மேலே, நான்கு விரல் அகலமுள்ள துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். கட்டியதை இடையில் தளர்த்த வேண்டாம். கயிறு, கம்பி, சணல் ஆகியவற்றால் கட்டினால் தசை அறுபட்டுவிடும்.

காயத்தில் காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், சாணம், மண் எதையும் வைக்கக்கூடாது. வயல் மண்ணிலும் சாணத்திலும் தசைவிறைப்பு நோயை, அதாவது டெட்டனசை, உண்டாக்கும் கிருமி இருக்கிறது. ஆழமான காயம் எதுவாயினும் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

மரத்திலிருந்து விழுந்தவர், கிணற்றில் விழுந்தவர், வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டவர் ஆகியோருக்குக் கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருக்கலாம். ஒருவர் கைகளையும் ஒருவர் கால்களையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பது நம்மிடம் உள்ள பெரிய தவறு. உடைந்த எலும்பு தண்டுவடத்தை நசுக்கி, நடக்கக்கூடியவரையும் வாழ்நாள் முழுவதும் படுக்கையில் கிடத்திவிடும். நெருப்போ வெள்ளமோ ஓடும் வண்டிகளோ அச்சுறுத்தினாலன்றி, ஆம்புலன்சு வரும் வரை அசைக்க வேண்டாம். அசைத்தே தீர வேண்டுமானால் தலை, கழுத்து, முதுகு ஒரே நேராக இருக்கும்படி நான்கு பேர் சேர்ந்து திருப்பிப் பலகையிலோ கதவிலோ கிடத்துங்கள்.

உடலில் குத்தி நிற்கும் கம்பியையோ மூங்கிலையோ பிடுங்கக்கூடாது. அது இரத்தக்குழாயை அடைத்துக்கொண்டு நிற்கலாம். அசையாமல் துணி வைத்துக் கட்டி அப்படியே கொண்டு செல்லுங்கள்.

அடிபட்டவருக்குத் தண்ணீர், சோடா, காப்பி எதுவும் கொடுக்கக்கூடாது. தாகம் என்று கேட்கும்போது மறுப்பது நமக்குக் கடினந்தான். ஆயினும் நினைவு தவறினால் அது மூச்சுக்குழாயில் இறங்கும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவைக்கும் ஆபத்தாகும். உதட்டை ஈரத்துணியால் நனைத்தால் போதும்.

நினைவில்லாமல் மூச்சு மட்டும் இருந்தால், கழுத்தும் முதுகும் வளையாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சும் இல்லையென்றால், நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். உதவி வரும் வரையில் நிறுத்த வேண்டாம்.

விரலோ கையோ துண்டானால்

தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் விரல் துண்டாவதைப் பல ஊர்களில் கேள்விப்படுகிறோம். துண்டான விரலைப் புதைத்துவிட்டு வருகிறவர்களும், ஐஸ் கட்டிக்குள் நேராகப் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. இரண்டும் தவறு. ஐஸ் நேராகப் பட்டால் தசை உறைந்து கெட்டுவிடும்.

துண்டான பகுதியில் உள்ள மண்ணைச் சுத்தமான நீரில் மெல்ல அலசுங்கள். தேய்க்க வேண்டாம். நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை, ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையிலோ தூக்குப் பாத்திரத்திலோ வையுங்கள். ஊரில் ஐஸ் எங்கே என்று யோசிக்காதீர்கள். மீன் வண்டியிலும் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். குளிர்ச்சியில் வைத்த விரலை 12 மணி நேரம் வரைகூடப் பொருத்த வாய்ப்புண்டு. தசைப்பற்று மிகுந்த கைக்கும் காலுக்கும் அவ்வளவு அவகாசம் கிடையாது. ஆறு மணி நேரத்துக்குள் சேர்க்கப் பாருங்கள். எல்லா மருத்துவமனைகளிலும் இந்த அறுவை நடப்பதில்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கெனத் தனிச் சிகிச்சைப் பிரிவே உண்டு. முதலுதவி பெறும் இடத்திலேயே, “ஒட்ட வைக்க எங்கே அனுப்ப வேண்டும்?” என்று கேட்டுவிடுங்கள்.

மருத்துவமனைச் செலவு

பணம் கட்டினால்தான் உள்ளே விடுவார்கள் என்று எண்ணி வழியிலேயே வட்டிக்கடைக்கு வண்டியை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சாலை விபத்தாயின் அதற்கு அவசியம் இல்லை. ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ என்ற திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, வரம்புக்கு உட்பட்டுக் கட்டணமின்றித் தரப்படுகிறது. மத்திய அரசும் 2025 மே மாதத்தில் ஒரு திட்டத்தை அறிவித்தது. அதன்படி மோட்டார் வாகன விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாள் வரை, 1,50,000 ரூபாய்க்கு உட்பட்டு, பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். வயலில் நேர்ந்த விபத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அரசு மருத்துவமனை எப்போதும் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைக் கண்டும், சாட்சிக்கு இழுப்பார்கள் என்று அஞ்சி ஒதுங்கிப் போக வேண்டாம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைப் பாதுகாக்கிறது. பெயர் சொல்லும்படியும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி

இப்போது நம் மொபட்காரரின் கதைக்குத் திரும்புவோம். அடிபட்டவரை அழைத்துச் சென்றவுடன் டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். யார் அழைத்து வந்தார், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எதனால் அடிபட்டது, என்னென்ன காயங்கள் என்று அதில் இருக்கும். சண்டையும் வழக்கும் தோன்றுவதற்கு முன், நடந்த சூட்டோடு எழுதப்படுவதால், நீதிமன்றம் அதற்கு மிகுந்த மதிப்புத் தருகிறது. ஆகவே உடன் செல்கிறவர் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். “இன்ன சாலையில், இத்தனை மணிக்கு, பின்னால் வந்த சரக்கு வண்டி இடித்தது” என்றால் போதும். வண்டி எண் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். பார்க்காத ஒன்றைச் சேர்த்துச் சொல்லவும் வேண்டாம்.

தெரிந்தவர் வண்டி, அவரை எப்படிக் காட்டிக்கொடுப்பது என்று சிலர் கேட்கிறார்கள். இங்கேதான் ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு இருக்க வேண்டும் என்பது சட்டம். முறையான காப்பீடு உள்ள வண்டியாயின், பாதிக்கப்பட்டவருக்குரிய இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். பக்கத்து ஊர்க்காரர் தன் கையிலிருந்து கொடுப்பதில்லை. இதற்காகவே அவர் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டியிருக்கிறார். நாம் பொய் சொன்னால் இலாபம் அந்த நிறுவனத்துக்குத்தான். ஓட்டியவர் மேல் வழக்கு வரும் என்பது மெய். ஆயினும் அவருக்காக ஒரு குடும்பம் நிலத்தை இழப்பது நியாயம் ஆகாது.

இதற்கு மறுபுறமும் உண்டு. தானாக விழுந்தவருக்காக யாருடைய வண்டியையாவது வழக்கில் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வருகிற தரகர்கள் இருக்கிறார்கள். அது குற்றம். பணம் வராததோடு சிறைக்கும் வழி வகுக்கும்.

காவல் நிலையத்தில்

பெரிய விபத்து பற்றி மருத்துவமனையே காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்பும். அதோடு விட்டுவிடாமல் வீட்டார் ஒருவர் நேரில் போய் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். புகாரைப் பெற்றதற்குச் சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீது தருவதுண்டு. அது வேறு, முதல் தகவல் அறிக்கை வேறு. இழப்பீட்டுக்கு முதல் தகவல் அறிக்கையே வேண்டும். 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின்படி, விபத்து எந்த எல்லையில் நடந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். அறிக்கையின் நகலைத் தகவல் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும்.

அடிபட்டவரை அனுப்பி வைத்த பிறகு, அங்கு நிற்கும் இளைஞர் ஒருவர் கைப்பேசியில் வண்டி நின்ற இடம், எண் பலகை, சாலையில் உள்ள டயர்த் தடம் ஆகியவற்றைப் படம் எடுத்து வைக்கலாம். பார்த்தவர்களின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். போலீசார் வாக்குமூலம் எழுதினால், படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுத்தாளில் யார் கேட்டாலும் கையெழுத்து வேண்டாம்.

இழப்பீடு கேட்பது எப்படி?

மோட்டார் வாகன விபத்துக்கு, இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். விபத்து வேறு மாவட்டத்தில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே கொடுக்கலாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். “அறுவடை முடியட்டும், பொங்கல் கழியட்டும்” என்று தள்ளிப்போட இடமில்லை. இடித்த வண்டி எது என்றே தெரியாமல் ஓடிவிட்டால், அதற்கும் வழி உண்டு. இறப்புக்கு 2 இலட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் தரும் திட்டம் இருக்கிறது. அதற்கும் முதல் தகவல் அறிக்கை வேண்டும். மருத்துவமனையில் ‘தானாக விழுந்தார்’ என்று எழுதியிருந்தால் இந்த வழியும் அடைபட்டுவிடும்.

இழப்பீட்டில் மருத்துவச் செலவு, இழந்த வருமானம், இனி இழக்கப்போகும் வருமானம், பார்த்துக்கொள்பவருக்கான செலவு, பட்ட வேதனை எல்லாம் சேரும். மாதச் சம்பளக்காரர் சம்பளச் சீட்டைக் காட்டிவிடுவார். உழவன் எதைக் காட்டுவது? இங்கேதான் நம்மவர்கள் பெரிதும் இழக்கிறார்கள். சிட்டா, அடங்கல், பால் சங்கப் புத்தகம், சர்க்கரை ஆலை கொடுத்த கரும்புக்கான ரசீது, நேரடி நெல் கொள்முதல் நிலைய ரசீது, ஒழுங்குமுறை விற்பனைக்கூட ரசீது, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவையே நம் சம்பளச் சீட்டு. இவற்றைத் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் இன்னொரு வாதமும் வைப்பார். “நிலம் அப்படியே இருக்கிறது, விளைச்சலும் வருகிறது. இவருக்கு என்ன நட்டம்?” என்பார். நியாயம் போலத்தான் தோன்றும். நீதிமன்றங்களும் நிலத்தின் வருமானம் முழுவதையும் நட்டமாகக் கொள்வதில்லை. உழவர் தம் உடலால் செய்த வேலையும் மேற்பார்வையும் இழந்ததைத்தான் பெரும்பாலும் கணக்கிடுகின்றன. ஆகவே விபத்துக்குப் பிறகு யாருக்கு, என்ன வேலைக்கு, எத்தனை நாள், எவ்வளவு கூலி கொடுத்தீர்கள் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். தண்ணீர் பாய்ச்ச ஆள், மாடு கறக்க ஆள், மருந்தடிக்க ஆள் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். முன்பு நீங்களே செய்த வேலைகள் இவை என்பதை அந்த நோட்டு காட்டும். விற்ற மாட்டையும் தரிசாகப் போட்ட வயலையும் எழுதுங்கள்.

மருத்துவச் சீட்டுகள், எக்ஸ்ரே படங்கள், மருந்துக்கடை ரசீதுகள், வீட்டுக்கு அனுப்பும்போது தரும் குறிப்பு ஆகியவற்றின் மூலப் பிரதிகளை யாரிடமும் கொடுத்துவிட்டு மறக்காதீர்கள். நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கும், வட்டத்திலுள்ள அதன் குழுவுக்கும் போகலாம். பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொண்டால் விரைவில் பணம் கிடைக்கும். ஆனால் அங்கு ஒப்புக்கொண்டபின் மேல்முறையீடு கிடையாது. சிகிச்சை முடிந்து, ஊனம் எவ்வளவு என்று தெரிந்த பிறகே தொகைக்குச் சம்மதியுங்கள்.

வயலில் நேர்ந்த விபத்துக்கு

சாலை விபத்து அல்லாத காயத்துக்கு ஒன்றும் கிடைக்காது என்று எண்ண வேண்டாம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில், வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயதுக்குட்பட்டோர் ஆண்டுக்கு 20 ரூபாயில் சேரலாம். விபத்தில் இறந்தாலோ, இரு கைகளோ இரு கால்களோ இரு கண்களோ பயனற்றுப் போனாலோ 2 இலட்சம் ரூபாய். ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் என்றால் 1 இலட்சம். வயல் விபத்தும் இதில் அடங்கும். பலருக்கு இந்த 20 ரூபாய் ஆண்டுதோறும் கணக்கில் பிடிக்கப்படுவதே தெரியாது. விபத்து நேர்ந்தவுடன் வங்கிப் புத்தகத்தைப் பாருங்கள். இருந்தால் தாமதிக்காமல் வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். சிறு, குறு விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை வைத்திருந்தால், வட்டாட்சியர் அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில் மனுக் கொடுக்க வேண்டும். இவற்றுக்கும் மருத்துவக் குறிப்பு தேவைப்படும். அங்கும் நடந்தது நடந்தபடியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அடிபட்டவர் நம் ஆள் என்றால்

இதுவரை நமக்கு அடிபட்டால் என்ன செய்வது என்று பேசினோம். நம் டிராக்டரில், நம் இயந்திரத்தில் கூலிக்கு வந்தவர் அடிபட்டால் என்ன செய்வோம்? கொஞ்சம் பணம் கொடுத்து, “விழுந்ததாகச் சொல்லிவிடு” என்று நாமே சொல்வோமா? அந்தச் சரக்கு வண்டிக்காரர் செய்ததும் அதுதானே.

டிராக்டர் போன்ற இயந்திர விசையாலோ மின்சாரத்தாலோ இயங்கும் சாதனங்களைக் கொண்டு நடக்கும் பயிர்த்தொழிலில் வேலை செய்பவருக்கு, வேலையில் நேர்ந்த காயத்துக்கு வேலை கொடுத்தவரே இழப்பீடு தர வேண்டும் என்பது 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்தே வரும் விதி. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. ஆகவே டிராக்டர் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது, வேலையாளுக்கும் சேர்த்துக் காப்பீடு உண்டா, டிரெய்லருக்கு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். மட்கார்டில் உட்கார்ந்து வந்தவருக்கும், டிரெய்லரில் ஏறி வந்தவர்களுக்கும் அடிபட்டால், காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்க மறுப்பது வழக்கம். அப்போது பாரம் உரிமையாளர் தலையில் விழும். டிராக்டர் ஒருவர் உட்கார்ந்து ஓட்டுவதற்குச் செய்யப்பட்டது. ஆள் ஏற்றுவதற்கு அல்ல.

வீடு திரும்பிய பிறகு

எலும்பு கூடியவுடன் சிகிச்சை முடிந்ததாக எண்ணி, சொல்லிக் கொடுத்த உடற்பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். மூட்டு இறுகிவிட்டால் பிறகு ஏர் பிடிக்கவும் முடியாது, குனிந்து நாற்றுப் பறிக்கவும் முடியாது. பயிற்சியையும் மருந்தைப் போலவே கருதுங்கள். நிரந்தர ஊனம் தங்கிவிட்டால் அரசு மருத்துவக் குழுவிடம் சான்று பெறுங்கள். 40 விழுக்காடோ அதற்கு மேலோ என்றால் அரசின் பல சலுகைகளுக்கு வழி திறக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இருந்தால், தவணை தவறும் முன்பே செயலாளரிடம் நிலைமையைச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அந்த ஒரு பட்டத்துக்கு அக்கம்பக்கத்தார் முறை வைத்து உழுது நட்டுக் கொடுத்தால், நிலத்தை ஒத்தி வைக்க வேண்டிய நிலை வராமலே போகலாம். விபத்து அன்று கூட்டமாக நின்று பார்ப்பதைவிட இது பெரிய உதவி.

நிறைவாக, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்யுங்கள். ஆதார், குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை, உழவர் பாதுகாப்பு அட்டை, வங்கிப் புத்தகம், வாகனக் காப்பீடு, சிட்டா நகல் ஆகியவற்றை ஒரே பையில் வைத்து, அது எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள பெண்களுக்கும் படிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். கூடவே, “ஆஸ்பத்திரியில் கேட்டால் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்” என்பதையும் சொல்லி வையுங்கள். அன்றைக்கு நாம் பேசும் நிலையில் இருக்க மாட்டோம். நமக்காக அவர்கள்தான் பேச வேண்டியிருக்கும்.

அந்த மொபட்காரர் இப்போது கோலூன்றி நடக்கிறார். மாடுகளை அவர் மனைவி பார்க்கிறார். ஒத்திக்குப் போன ஏக்கரை மீட்க இன்னும் பணம் சேரவில்லை. என் கதையைப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சொல்லுங்கள் என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டேன். நீங்கள் நான்கு பேருக்குச் சொல்லுங்கள்.